இருபத்தோராயிரத்து நானூற்று ஆறாவது கோப்பு

எழுத்தர் ஓய்வு பெற்று ஒன்பது நாள் ஆகிவிட்டது. அலுவலகம்தான் அவரை இன்னும் விட்டபாடில்லை. பிரிவு உபசாரக் கூட்டம் முறைப்படி நடந்து முடிந்திருந்தது. கண்காணிப்பாளர் அவருடைய முப்பத்தொரு வருட உழைப்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசி, நடுவில் அவர் எந்தப் பிரிவில் உழைத்தார் என்பதை மறந்து, ஒருவாறு சமாளித்து உட்கார்ந்தார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்த வேலைநாள் காலை அந்தக் கடிகாரம் வீட்டுச் சுவரில் ஒன்பதரை காட்டியபோது, எழுத்தர் பதிவறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடுவிப்பு ஆணை வரவில்லை.

கடைகளில் இருக்கும் தராசுகளையும் எடைக்கற்களையும் சரிபார்த்து முத்திரை குத்துகிற அலுவலகம் அது. ஊரில் இருக்கும் எல்லா அளவுக்கும் தாங்களே சாட்சி என்ற நினைப்பு அங்கே வாசலில் நிற்கும் காவலாளி வரைக்கும் உண்டு. பேனாவிலிருந்து பீரோவரை எது உள்ளே வந்தாலும் நிறுத்துத்தான் இருப்புப் புத்தகத்தில் எழுதுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதுமில்லை.

பதிவறையில் பதினாலு வயதான ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தட்டினால் விழித்துக்கொள்ளும், தட்டாவிட்டாலும் சில நாள் விழித்துக்கொள்ளும். பதிவறையை விட்டுப் போகிறவர் அதிலுள்ள எல்லாக் கோப்புகளையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் ஏற்றி, இங்கே எத்தனை, அங்கே எத்தனை என்று எண்ணிக்கை பொருந்தக் காட்டினால்தான் விடுவிப்பு ஆணையில் கையெழுத்து விழும். கம்ப்யூட்டரில் இருந்தவை இருபத்தோராயிரத்து நானூற்றாறு. டிஸ்க்கில் ஏறியவை இருபத்தோராயிரத்து நானூற்றைந்து.

அந்த அளவுக்கு ஏற்றியதே பெரும்பாடு. முன்பக்கத் துளையில் செருகினால் டிஸ்க் ஒரு முனகல் முனகிவிட்டு அணைந்துபோகும். பின்பக்கத் துளையில் செருகினால் வேலை செய்யும், ஆனால் வயர் குட்டை. அதனால் பழைய விண்ணப்பப் படிவங்களை அடுக்கி ஒரு மேடை கட்டி, டிஸ்க்கை அதன் மேல் உட்காரவைத்து, பக்கத்தில் யாரும் பலமாக நடக்காதபடி எழுத்தர் காவல் இருந்தார். பாதி வழியில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. இப்படியே எட்டு நாள். கடைசியில் மிச்சம் நின்றது ஒரே ஒரு கோப்பு. அதை மட்டும் எத்தனை தடவை இழுத்துப் போட்டாலும், சேருமிடத்துக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. கோப்பு ஐந்து ஜிபிக்குக் கொஞ்சம் மேல். டிஸ்க்கில் காலியாகக் கிடந்தது தொள்ளாயிரத்துக்கும் மேல்.

அவர் இடத்தில் வேறு யாராவது இருந்தால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எழுத்தரால் முடியவில்லை. ஆணை இல்லாமல் ஊரை விட்டுப் போனால் ‘பொறுப்பை ஒப்படைக்காமல் ஓடிப்போனவர்’ என்று எழுதிவிடுவார்கள். முப்பத்தொரு வருடமும் அந்த ஒரு வரியில் போய்விடும். ஆனால் அவர் போயே ஆக வேண்டியிருந்தது. எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஊரில் அவருடைய அக்காவுக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அவள்தான். ஒன்பது வயதில் அவருக்குத் தொண்டையில் சதை வளர்ந்து ஆபரேஷன் நடந்தபோது, கதவு சாத்தும்வரை கையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்து வந்தவள். இப்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“நீ வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கதவு வரைக்கும் வரணும்டா. எனக்குப் பயமா இருக்கு,” என்றாள்.

அக்காவின் வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்து எழுத்தர் கேட்டதே இல்லை. எப்படியும் வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை கண்காணிப்பாளரிடம் போய் நிலைமையைச் சொன்னார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். யாருக்கும் எதையும் செய்து தரவும் மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்.

“டிஸ்க்ல இடம் தொள்ளாயிரம். ஃபைல் அஞ்சு. தொள்ளாயிரத்துல அஞ்சு தாராளமா அடங்கும். அளவு சரியா இருக்கு. அளவு சரியா இருந்தா தப்பு ஆள் மேலதான் சார் இருக்கணும். நீங்க அதை எப்படிப் பிடிச்சு இழுக்கறீங்க?”

எழுத்தர் இழுத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் மறுத்தது. கண்காணிப்பாளர் தாமும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பதவியைப் பார்க்காமல் அவருக்கும் அதே பதிலைச் சொன்னது கம்ப்யூட்டர். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார்.

மெக்கானிக் தோளில் ஒரு பையும் வாயில் பாதிக் கொட்டாவியுமாக வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். டிஸ்க் பழைய முறையில் வகுக்கப்பட்டிருப்பதாகவும், அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு நாலு ஜிபியைத் தாண்டினால் ஏற்காது என்றும், டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதுதான் கதி என்றும் சொன்னார். பெரிய வீடுதான், ஆனால் வாசல் குட்டை, பீரோ நுழையாது என்று கையை விரித்துக் காட்டினார்.

“ஃபார்மட் பண்ணி வேற முறைக்கு மாத்திட்டா போதும் சார். பத்து நிமிஷம். அப்புறம் எல்லாத்தையும் மறுபடி ஏத்திக்கலாம்.”

“ஃபார்மட்னா?”

“டிஸ்க்ல இருக்கறதை அழிக்கறது.”

அழிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் கண்காணிப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த டிஸ்க்கில் இப்போது இருப்பது இருபத்தோராயிரத்து நானூற்றைந்து அரசுப் பதிவுகள். பதிவை அழிக்க வேண்டுமானால் அழிப்புக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். குழு வருடத்துக்கு ஒரு தடவை கூடும். இந்த வருடத்துக்குக் கூடிவிட்டது. அவை வெறும் நகல்கள்தானே, மூலம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே என்று எழுத்தர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நகல் எடுத்துவிட்டால் நகலும் பதிவுதான் என்றார் கண்காணிப்பாளர். அப்படியானால் வேறொரு டிஸ்க் தாருங்களேன் என்றார் எழுத்தர். புது டிஸ்க் தர வேண்டுமானால் பழையது உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று சான்று வேண்டும். பழையது லாயக்காகத்தான் இருக்கிறது. ஒரு கோப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருக்கிறதே.

மெக்கானிக் பையை மூடப் போனார். அப்போதுதான் கண்காணிப்பாளருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

“இருங்க. மத்த ஃபைல் எல்லாம் ஏறிடுச்சுன்னு மட்டும் நமக்கு எப்படித் தெரியும்?”

எழுத்தர் திரையைக் காட்டினார். திரை சொல்வது வாய்வார்த்தை என்று கண்காணிப்பாளர் ஒதுக்கிவிட்டார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, தங்கம் நிறுக்கும் நுண்தராசைக் கொண்டுவரச் சொன்னார். இருப்புப் புத்தகத்தில் அந்த டிஸ்க் வழங்கப்பட்ட அன்றைய எடை இருந்தது: நூற்று எழுபத்திரண்டு கிராம், நானூறு மில்லிகிராம். காற்று படாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார்கள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். முள் மெல்ல ஆடி நின்றது. நூற்று எழுபத்திரண்டு கிராம், நானூறு மில்லிகிராம்.

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது.

“எட்டு நாளா ஏத்தினேன்னு சொல்றீங்க. ஒரு மில்லிகிராம்கூடக் கூடலையே சார்.”

மெக்கானிக் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தரையைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல வந்த மெக்கானிக், என்ன நினைத்தாரோ, பையை மூடினார். எடையில் மாற்றமில்லை, ஆகவே கோப்புகள் ஏறியதற்கு நேரடி ஆதாரம் இல்லை என்று கண்காணிப்பாளர் குறிப்பு எழுதி, விஷயத்தை இயக்குநருக்கு அனுப்பினார். படியிறங்கும்போது மெக்கானிக் எழுத்தரின் காதருகே ஒரு யோசனை சொன்னார்: அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டால் இரண்டு பக்கமும் எண்ணிக்கை பொருந்திவிடும். எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழித்துப் போட்டதில்லை.

அந்தக் கோப்பில் என்னதான் இருக்கிறது என்று இயக்குநர் கேட்டனுப்பினார். எழுத்தருக்குத் தெரியும். பதினாலு வருடத்துக்கு முன்பு அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்த விழாவின் வீடியோ அது. விழாவின் பதிவு விழா நாயகனான கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும் என்று அன்றைய இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். வீடியோவை இரண்டு துண்டாக வெட்டினால் துண்டுக்கு நாலு ஜிபிக்குள் அடங்கும் என்று மெக்கானிக் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய, செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர், கண்காணிப்பாளர், இன்னும் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு பதிவறையில் கூடியது. முழுவதையும் பார்க்காமல் வெட்டுவது முறையல்ல என்பதால் மூன்று மணி நேர வீடியோவையும் பார்த்தார்கள்.

திரையில் பழைய இயக்குநர் ரிப்பனை வெட்டிவிட்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றார்.

“இன்று முதல் இந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பும் எந்த இடத்திலும் நிற்காது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், கோப்பு தானே பறக்கும். இனிமேல் ஒரு கோப்புக்காக எந்த மனிதனும் காத்திருக்கும் நிலை வராது,” என்றார்.

திரையில் எல்லோரும் கைதட்டினார்கள். பதிவறையில் இருந்த குழுவும் பழக்கதோஷத்தில் கைதட்டியது. மேடையின் ஓரத்தில், தலை நரைக்காத எழுத்தர் கம்ப்யூட்டருக்குக் காவல் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். கேமரா மெதுவாக நாற்காலி வரிசைகளின் மேல் நகர்ந்தது. கூட்டம் போதாது என்று அன்றைக்கு ஊழியர்களை வீட்டு ஆட்களைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில், அப்போது இதே ஊரில் இருந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லி, மேடையில் நிற்கும் தம்பியைக் கையால் காட்டி, பிறகு நன்றாக வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவள் எவ்வளவு சதைப்பற்றாக இருந்தாள் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

வெட்டும் இடம்தான் அமையவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் வெட்டலாம் என்றால் அங்கே பழைய இயக்குநர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அந்த வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடிப் பார்த்தார்கள், அது அகப்படவில்லை. இரண்டு மணி நேரத்தில் வெட்டலாம் என்றால் அங்கே இப்போதைய இயக்குநர், அன்றைய துணை இயக்குநர், வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வருவது நன்றியுரை, சொல்வது கண்காணிப்பாளர். அவரவர் இடத்தை அவரவர் மறுத்தார்கள். வீடியோ பிரிக்க இயலாதது என்று குழு ஒருமனதாக முடிவெடுத்துக் கலைந்தது.

புதன்கிழமை காலை இயக்குநருக்கு ஒரு வழி தோன்றியது. ஏதோ மாநாட்டில் அவருக்கு அன்பளிப்பாகக் கிடைத்த ஒரு ஹார்டு டிஸ்க் பிரிக்காத பெட்டியோடு அவர் அலமாரியில் கிடந்தது. அதை அலுவலகத்துக்கு வழங்கிவிடுவதாக அறிவித்தார். எழுத்தருக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. மெக்கானிக் அதைச் சரியான முறைக்கு வகுத்துத் தந்தார். சொன்னபடி பத்து நிமிடம்தான் ஆனது. புது டிஸ்க் துள்ளிக்கொண்டு வேலை செய்தது. சாயங்காலத்துக்குள் இருபத்தோராயிரத்து நானூற்றைந்தும் ஏறிவிட்டன. கடைசிக் கோப்பை இழுக்கக் கை வைத்தபோது கண்காணிப்பாளர் ஓடிவந்து தடுத்தார். அதை இயக்குநர்தான் ஏற்றுவார், நாளைக் காலை பத்து மணிக்கு, விழாவில் வைத்து.

எழுத்தர் இழுக்க வைத்த கையை எடுத்தார். பிறகு, தன் அக்காவுக்கு நாளைக் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்று சொன்னார். அந்த அலுவலகத்தில் சொந்த விஷயம் ஒன்றை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கண்காணிப்பாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “ஐயோ பாவம். ஆனா பாருங்க, ஆபரேஷனை டாக்டர் பண்ணிடுவார் சார். இதுக்கு நீங்கதான் இருக்கணும்.”

அன்று சாயங்காலம் எழுத்தர் பேருந்து நிலையத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார். அக்காவுக்குப் போன் போட்டார். ஒரு கோப்பு பாக்கி இருக்கிறது, அது ஏறினால்தான் விடுவார்கள் என்று சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாததற்குக் காரணம் சொல்லும் பையனின் குரல் அவருக்கே கேட்டது.



“சரி போ. கையைப் பிடிக்க நர்ஸ் இருக்கா,” என்றாள் அக்கா. பிறகு, “ஆனா அவ கை ஜில்லுனு இருக்குடா,” என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதிவறை வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. வீடியோக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார். கூட்டம் போதாது என்று எடைக்கற்களுக்கு முத்திரை குத்த வந்திருந்த கடைக்காரர்களையும் உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். இயக்குநர் பொத்தானைத் தட்டினார். கோப்பு நகர ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் ஏறியும் விட்டது. இயக்குநர் பேச ஆரம்பித்து ஐம்பது நிமிடம் ஆகியும் முடிக்கவில்லை.

“ஒரு கோப்பை நகர்த்த நமக்குப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருக்கின்றன. இதைத் தாமதம் என்று சிலர் சொல்லலாம். நான் இதை நிதானம் என்று சொல்வேன். அவசரப்படுகிறவன் ஒரு நாளில் வேலையை முடித்துவிடுவான். மறுநாள் அவனுக்கு அங்கே என்ன வேலை? நம்முடைய அலுவலகம் இத்தனை வருடமாக நிலைத்து நிற்கிறது என்றால், நாம் எதையும் முடித்துவிடவில்லை என்பதுதான் காரணம்.”

பலத்த கைதட்டல். எழுத்தர் சட்டைப் பையில் இருந்த போனை வெளியிலிருந்தே உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அசையவில்லை. இந்நேரம் கதவு சாத்தியிருப்பார்கள் என்று நினைத்தார். அவருடைய வாழ்க்கையில் அவர் இருந்தே ஆக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அங்கே அவர் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் கம்ப்யூட்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். மேஜை ஆடாமல் பார்த்துக்கொள்ளும்படி கண்காணிப்பாளர் ஜாடை காட்டினார்.

பேச்சு முடிந்ததும் இயக்குநர் புது டிஸ்க்கை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி, முடிச்சின் மேல் தம் கையாலேயே அரக்கு முத்திரை வைத்தார். கண்காணிப்பாளர் அதை நுண்தராசில் வைத்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நேத்தைக்கு வெறும் டிஸ்க்கா நிறுத்தப்போ இருந்ததைவிட இப்ப பதினொரு கிராம் கூட. இப்பத்தான் சார் நிஜமா ஏறியிருக்கு.”

துணிப்பைக்கும் அரக்குக்கும் எடை உண்டு என்று சொல்ல எழுத்தருக்குத் தெம்பில்லை. விடுவிப்பு ஆணை மேஜைக்கு வந்தது. கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். டிஸ்க்கில் இருபத்தோராயிரத்து நானூற்றாறு என்று சான்றிதழில் எழுதியிருந்தது. கம்ப்யூட்டரில் எத்தனை என்று திரையைப் பார்த்தார். இருபத்தோராயிரத்து நானூற்றேழு.

வீடியோக்காரர் தன் கேமராவைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். முன்னுதாரணப்படி விழாவின் பதிவை விழா நாயகனிலேயே ஏற்றிவிட்டதாகச் சொன்னார். அடுத்து ஒரு கல்லூரி நிகழ்ச்சி இருப்பதால் கார்டைக் காலி செய்துகொண்டு அவர் கிளம்பிப் போய்விட்டார்.

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். புதுக் கோப்பை டிஸ்க்கில் ஏற்ற வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். முத்திரை இயக்குநர் வைத்தது. உடைப்பதற்கு அவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். இயக்குநர் விழா முடிந்த களைப்பில் வீட்டுக்குப் போய்விட்டார், திங்கட்கிழமை வருவார். உடைத்த பிறகு மறுபடி முத்திரை வைப்பதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி தேவைப்படலாம் என்றும் கண்காணிப்பாளர் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அப்போது போன் அதிர்ந்தது. அக்காவின் மகள்.

“மாமா, ஆபரேஷன் முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னார். கட்டியை எடுத்து, தைச்சு, வார்டுக்கே கொண்டுவந்துட்டாங்க. அம்மா இப்பத்தான் கண்ணைத் திறந்தாங்க. முதல் வார்த்தை என்ன கேட்டாங்க தெரியுமா? ‘அவன் ஃபைல் ஏறிடுச்சா’ன்னு கேட்டாங்க.”

எழுத்தர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். பதிவறையில் யாரும் இல்லை. அழுது முடித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாளாகத் தான் காவல் காத்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். பட்டியலின் கடைசியில் இன்றைய விழாவின் வீடியோ இருந்தது. அதைப் பிடித்து இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். குப்பைத்தொட்டி ஏற்கவில்லை. தொட்டிக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது, நிரந்தரமாக அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

எழுத்தர் அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் எதையாவது செய்யலாமா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆம் என்று தட்டினார்.

சாப்பிட்டுவிட்டு வந்த கண்காணிப்பாளரிடம் இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கும்படி சொன்னார். அவர் எண்ணிப் பார்த்தார். இருபத்தோராயிரத்து நானூற்றாறு. நெற்றியைச் சுருக்கினார். சற்று முன்பு ஒன்று கூட இருந்ததே என்றார். எழுத்தர் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். திரையில் இருப்பது வாய்வார்த்தை என்று அன்றைக்குச் சொன்னவர், இன்றைக்கு அதையே நம்பினார். எண்ணிக்கை பொருந்தியிருந்தது அல்லவா.

“பாருங்க, அளவு சரியா இருந்தா எல்லாம் தானாச் சரியாகிடும்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் எழுத்தர் ஆஸ்பத்திரி வார்டில் அக்காவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா கண்ணைத் திறந்தாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

“எல்லாம் ஏறிடுச்சாடா?”

“ஏறிடுச்சுக்கா. ஒண்ணு மட்டும் அழிஞ்சுபோச்சு.”

“முக்கியமானதா?”

“ஒருத்தர் ஐம்பது நிமிஷம் பேசினது.”

“அப்ப சரி,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். கையை மட்டும் விடவில்லை.